யானை எந்தப் பக்கம்?

தேர்வுத்தாள்களைத் திருத்தும் பணி மிகுந்திருந்தமையால் சில வாரங்களாக இப்பக்கம் வர இயலவில்லை. நெடுநாளாக எழுத எண்ணியிருந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். இஃது என் மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்ட வினாவைப் பற்றியது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். ஆறாம் ஆண்டு அறிவியல் பாடவேளை. நான் வகுப்பிற்குள் நுழைந்தபோது மாணவர்கள் ஒரு யானையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தனர். கேரள மாநிலம் சின்னக்கானலில் திரிந்த 'அரிக்கொம்பன்' என்னும் காட்டுயானைதான் அது. அரி என்றால் மலையாளத்தில் அரிசி. வீடுகளையும் நியாயவிலைக் கடைகளையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். அந்த வட்டாரத்துத் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களில் உழைப்போருள் பலர் தமிழர்கள். நம் கெடாவில் பால்மரம் சீவப் பாட்டன்மார் வந்ததைப் போல அங்கே மலையேறியவர்கள்.

செய்தியை அறியாதோர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவ்யானையை 2023 ஏப்ரல் 29ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, கழுத்தில் அலைபரப்பி பொருத்திய பட்டையைக் கட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். சில நாள்களில் அது தமிழ்நாட்டு மேகமலைப் பக்கம் நடந்தது. மே 27ஆம் நாள் காலை கம்பம் நகரத் தெருக்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். ஜூன் 5ஆம் நாள் தமிழ்நாட்டு வனத்துறையினர் யானையை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு சென்றனர்.

"கழுத்துல பட்டை இருந்தும் எப்படி ஐயா ஊருக்குள்ள வந்துச்சு?" என்றாள் ஒரு மாணவி. நல்ல வினா. விடை சொல்லத் தொடங்கினேன். அதற்குள் கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை. அவன் தந்தையார் சிக் வட்டாரத்தில் காட்டோரச் செம்பனைக் காணி ஒன்றில் குலை அறுக்கும் வேலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் வீடு வருவார்.

"ஐயா, பெட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு யானை எங்க இருக்குன்னு தெரியும். எங்க அப்பாவுக்கு யாரு சொல்லுவா?"

வகுப்பு அமைதியானது. "நாளை சொல்கிறேன்" என்று கூறி நான் தப்பித்துக்கொண்டேன். ஆசிரியர்களாகிய நம் அனைவருக்கும் பழக்கமான தப்பிதல்தான் அது.

அன்றிரவு நானே முதலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இக்காலத்து யானைக் கழுத்துப்பட்டையில் பெரும்பாலும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, துணைக்கோள்களின் உதவியால் தன் இடத்தைத் தானே கணித்து, குறித்த கால இடைவெளியில் செய்தியாக அனுப்புவது. இது கணினித் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். ஆனால் அப்புள்ளி யானை சற்றுமுன் இருந்த இடம். இப்பொழுது இருக்கும் இடமன்று. அடர்ந்த மரக்கவிகையும் செங்குத்தான பள்ளத்தாக்கும் குறுக்கிட்டால் அச்செய்தியும் தாமதப்படும். சில வேளை வராமலே போகும். மற்றொன்று மிகப் பழைய முறை. பட்டையிலுள்ள அலைபரப்பி ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை 'பிப், பிப்' என்று துடித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் ஏரியலையும் அலைவாங்கியையும் கையில் ஏந்திக் காட்டுக்குள் சென்று, அத்துடிப்பைச் செவியால் தேடவேண்டும். அமெரிக்காவின் யெல்லோசுடோன் காட்டில் 1961இல் கிரெய்க்ஹெட் உடன்பிறப்புகள் கரடியின் கழுத்தில் பட்டை கட்டித் தேடிய காலந்தொட்டு அடிப்படை மாறவில்லை.

அந்த ஏரியலின் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் லயத்து வீடுகளின் கூரைமேல் மூங்கில் கழியில் கட்டியிருந்தோமே, மீன்முள் போன்ற தொலைக்காட்சி ஏரியல், அதுவேதான்! 1926இல் யாகி, உடா என்னும் சப்பானியர் இருவர் உலகுக்கு அறிவித்த அமைப்பு. எங்கள் தோட்டத்தில் எல்லா வீட்டு ஏரியல்களும் குனோங் ஜெராய் மலையையே நோக்கியிருக்கும். மலையுச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. காற்றடித்து ஏரியல் திரும்பிவிட்டால் அப்பா கூரைமேல் ஏறுவார், நான் வாசலில் நின்று, "இன்னும் கொஞ்சம்! போச்சு! திரும்ப வாங்கப்பா!" என்று கத்துவேன். வெள்ளிக்கிழமைத் தமிழ்ப்படம் தொடங்கும் நேரமாயிருந்தால் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கத்துவர். நான் முதன்முதலில் கற்ற திசைகாணும் கலை அதுதான்.

சுங்கைப்பட்டாணியில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னேன். "யானை இல்லாட்டியும் பரவால்ல வாத்தியாரே, ஒரு பெட்டியை ஒளிச்சு வெப்போம். பிள்ளைங்க தேடட்டும்" என்றார். தலைமையாசிரியரும் தோட்ட நிர்வாகமும் இசைவு தந்தனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் நெகிழிக் குழாய்கள் வாங்கித் தந்தனர்.

ஏரியலை மாணவர்களே செய்தனர். தச்சர்கள் பயன்படுத்தும் இரும்பு அளவு நாடாதான் மூலப்பொருள். புதரில் மாட்டினால் வளையும், விட்டால் நிமிரும். நண்பரின் அலைபரப்பி 145 மெகாஹெர்ட்சு அளவில் இயங்குவது. 300ஐ 145ஆல் வகுத்தால் அலைநீளம் சற்றேறக்குறைய 2 மீட்டர். அதில் பாதி 1 மீட்டர். அதை ஒட்டியே துண்டுகள் அமையும். பின்னால் நிற்பது 105 சென்டிமீட்டர், நடுவில் 45 சென்டிமீட்டராக இரு துண்டுகள், முன்னால் 89 சென்டிமீட்டர். வகுத்தல் கணக்கு என்றாலே முகம் சுளிப்பவர்கள் அன்று மில்லிமீட்டர் பிழைக்கும் ஒருவரையொருவர் கடிந்துகொண்டனர். ஒரு மாணவன் அலைபரப்பியை மைலோ டின்னுக்குள் வைக்கலாமென்றான். தகரப் பெட்டிக்குள்ளிருந்து அலை வெளியே வாராது என்று நண்பர் விளக்க, பிஸ்கட் வைக்கும் நெகிழிப் பெட்டிக்கு மாறினோம்.

சனிக்கிழமை காலை. இரண்டு குழுக்கள். ஒன்று மாரியம்மன் கோவில் திடலில், மற்றொன்று பழைய பால் ஸ்டோர் அருகில். ஏரியலைத் தோள் உயரத்தில் பிடித்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். எத்திசையில் குறி மிகுதியோ அத்திசையைக் காந்த ஊசி கொண்டு பாகையில் குறித்து, தோட்ட வரைபடத்தில் கோடு போடவேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பெட்டி இருக்கும். ஓரிடத்தில் நின்று கேட்டால் திசை மட்டுமே கிடைக்கும், தொலைவு கிடைக்காது. இடத்தை அறிய இன்னோர் இடத்திலும் நின்று கேட்டாக வேண்டும். கூடுமானவரை இரு கோடுகளும் செங்கோணத்தை ஒட்டி வெட்டுமாறு நிற்பது நலம்.

இவ்வளவையும் அழகாக விளக்கிய நானே முதலில் தவறினேன். பால் ஸ்டோரின் தகரச் சுவரை ஒட்டி நின்று சுற்றினேன். குறி வடக்கே வலுவாக வந்தது. ஐயமே இல்லையென்று பெருமிதத்துடன் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். கால்வாய் ஒன்றைத் தாண்டி, சேற்றில் இரண்டு காலணிகளை இழந்ததுதான் மிச்சம். தகரத்தில் பட்டுத் திரும்பிய அலையை நேராக வந்த அலையென்று நம்பிவிட்டேன். மலைச்சரிவும் இப்படித்தான் ஏமாற்றும் என்றார் நண்பர். பள்ளத்தாக்கில் நிற்பவர்க்கு எதிர்மலையில் யானை நிற்பதுபோல் தோன்றும்; உண்மையில் அது முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதனாலேயே மேட்டில், வெட்டவெளியில் நின்று கேட்கவேண்டும் என்பர்.

அடுத்த தொல்லை இன்னும் வியப்பானது. பெட்டிக்கு அருகில் வந்ததும் எப்பக்கம் திருப்பினாலும் குறி முழுமையாக நின்றது. மாணவர்கள் திகைத்தனர். விலங்குகளைத் தேடும் அலைவாங்கியில் ஒலியைப் பெறும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு. புதியவர்கள் துடிப்பு நன்றாகக் கேட்கட்டுமென்று அதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். செய்யவேண்டியது அதற்கு நேர்மாறு. நெருங்க நெருங்கக் குறைத்து, துடிப்பு கேட்டும் கேளாமலும் இருக்கும் நிலையில் வைத்தால்தான் திசை பிரியும். எங்கள் கைப்பேசி வானொலியில் அத்திருகு இல்லை. ஒரு மாணவி ஏரியலைக் கழற்றிவிட்டு, வானொலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன்னைத்தானே சுற்றினாள். அவள் உடலே அலையை மறைத்தது. ஒரு பக்கம் குறி சரிந்தது. "எனக்குப் பின்னால இருக்கு ஐயா!" என்றாள். திரும்பிப் பார்த்தால், பத்தடி தொலைவில் செம்பனை மட்டைக் குவியல். அதற்கடியில் பெட்டி. நண்பர் இம்முறையை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐம்பது நிமிடமாயிற்று. வெயிலில் அமர்ந்து பண்டோங் நீர் குடித்துக்கொண்டிருக்கையில் நண்பர் மற்றொன்றைச் சொன்னார். "பெட்டி ஒரே இடத்துல கெடந்துச்சு. யானை நடக்கும்." கணக்குப் போட்டோம். மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும் யானை, முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடையே 20 நிமிடம் கழிந்தால் 1 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். அப்பொழுது கோடுகள் வெட்டும் இடத்தில் யானை இராது. இரு குழுவினரும் ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும்.

அந்த மாணவன் இத்தனைக்கும் நடுவில் வாய் திறக்கவில்லை. பண்டோங் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்னு சொன்னீங்க ஐயா" என்றான்.

இம்முறை எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் நாட்டிலும் யானைகளுக்குப் பட்டை கட்டுகிறார்கள். தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளைப் பின்தொடர்ந்து, 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட இடப்பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. காப்பகங்களின் நடுப்பகுதியைக் காட்டிலும் விளிம்புகளையே யானைகள் மிகுதியாக நாடுகின்றன என்று அது கண்டது. விளிம்பு என்றால் அவன் தந்தையார் குலை அறுக்கும் இடம் போன்றது. பிறகு வால்பாறையைப் பற்றிக் கூறினேன். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடுகின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர், யானைகள் நிற்கும் இடத்தை நாள்தோறும் நேரில் அறிந்து, குறுஞ்செய்தியாகத் தோட்ட மக்களுக்கு அனுப்பினர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிட்டனர். கைப்பேசி வழியே எரியும் சிவப்பு விளக்குகளை உயர்ந்த கம்பங்களில் நட்டனர். விளக்கு எரிந்தால் யானை அருகில் உண்டு என்று பொருள். கழுத்துப்பட்டையே தேவைப்படாத ஏற்பாடு. இப்பணிக்காக அவருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

அவன் பொறுமையாகக் கேட்டான். "அப்பா வேலை செய்ற மலையில லைன் கிடைக்காது ஐயா" என்றான்.

முன்பு தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு இருந்தது. எல்லாரும் வரிசையில் நிற்க, மண்டோர் ஒருவர் "அந்தப் பக்கம் போகாதே" என்று சொன்னாலே போதும். செய்தி அனைவர்க்கும் சேர்ந்துவிடும். பெரட்டைப் பற்றி இனிய நினைவுகள் எனக்கில்லை. என் அம்மா அங்கே வாங்கிய வசவுகளை நான் மறக்கவுமில்லை. எனினும் தனியாள் காணியில் தன்னந்தனியாக இறங்குபவர்க்கு அதுகூட இல்லை.

இரண்டு வாரங்கழித்து அவன் தந்தையார் பள்ளிக்கு வந்தார். வானொலி ஏரியலைக் கையில் வாங்கி, எடை பார்ப்பவர்போல் தூக்கிப் பார்த்தார். தாம் எப்படி அறிகிறார் என்று கேட்டேன். காணிக்குப் போகும் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்று நேரம் நின்று கேட்பாராம். மட்டை முறியும் ஓசை வருகிறதா என்று. பாதையில் சாணம் கிடந்தால் காலால் தொட்டுப் பார்ப்பாராம். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவார். "திரும்பிட்டா அன்னிக்குச் சம்பளம் இல்ல சார்" என்றார், எதையோ ஒப்புக்கொள்பவரைப்போல். மகன் பக்கத்தில் நின்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவர் வேலை செய்யும் இடத்தில் விளக்கொன்று நிறுத்த முடியுமா, வட்டாரத்தில் எவரிடம் கேட்பது என்று விசாரித்து வருகிறேன். வனவிலங்குத் துறைக்கு மாணவர்களே மலாய்மொழியில் ஒரு கடிதம் எழுதினர். அது நல்ல கடிதம். இலக்கணப்பிழை இரண்டை மட்டும் திருத்தினேன். இத்துறையில் பழக்கமுள்ள பெற்றோர் யாரேனும் இருந்தால் பள்ளி அலுவலகத்தில் என்னைக் கேளுங்கள்.

மற்றொன்று. இவ்வாண்டும் பெட்டி தேடும் நடவடிக்கையை நடத்தவிருக்கிறோம். போன முறை செய்த ஏரியல்கள் துருப்பிடித்துவிட்டன. வீட்டில் பயன்படாத இரும்பு அளவு நாடா இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். எண்கள் அழிந்திருந்தாலும் பரவாயில்லை.