கட்டைக்கால் கவர்னரின் ஊர்

வால் ஸ்ட்ரீட்டில் இன்று சுவர் இல்லை. பங்குச் சந்தைதான் இருக்கிறது. ஆங்கிலேயர் படையெடுத்து வரலாம் என்ற அச்சத்தில் 1653இல் எழுப்பிய மரவேலி இந்தத் தெருவுக்குப் பெயரை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. வேலியை எழுப்ப உழைத்தவர்களில் ஆப்பிரிக்க அடிமைகளும் உண்டு. அதற்குத் தெற்கே, மன்ஹாட்டன் தீவின் நுனியில் இருந்ததுதான் டச்சுக் குடியிருப்பான நியூ ஆம்ஸ்டர்டாம். பழவேற்காட்டில் கோட்டை கட்டியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி என்றால், இந்த ஊரை நடத்தியது அதன் தம்பியான மேற்கிந்தியக் கம்பெனி.

இந்த ஊரைக் கேலியும் பாட்டுமாகத் திரையில் காட்டிய படம் 'நிக்கர்பாக்கர் ஹாலிடே' (1944). ஒரு கால் இழந்த கவர்னர் பீட்டர் ஸ்டைவெசன்ட்டாக சார்லஸ் கோபர்ன். அவரை எதிர்த்துப் பத்திரிகை நடத்தும் இளைஞனாக நெல்சன் எடி. இளைஞனின் காதலியையே மணக்க ஆசைப்படும் கிழவர் பாடுவதுதான் புகழ்பெற்ற 'செப்டம்பர் சாங்'. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த கர்ட் வைல் இசையமைத்த 1938ஆம் ஆண்டு மேடை நாடகம்தான் படத்துக்கு மூலம். அதை எழுதிய மாக்ஸ்வெல் ஆண்டர்சன், டச்சு கவர்னரைச் சாக்கிட்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைச் சீண்டினார். படத்தில் அந்தக் காரம் குறைந்தது. வைலின் பாடல்கள் பலவும் காணாமல் போயின.

படத்தின் கதாநாயகன் அச்சடிப்பவன். நிஜ ஊரிலோ அச்சகமே இருந்ததில்லை. டச்சு ஆட்சி போய், ஊர் நியூயார்க்காகி, 1693இல்தான் முதல் அச்சு இயந்திரம் வந்தது.

வீடுகள் போய்விட்டாலும் தெருக்களின் வளைவு நெளிவு மாறவில்லை. பிராட் ஸ்ட்ரீட் அகலமாக இருப்பதற்குக் காரணம், அது ஒரு காலத்தில் கால்வாய். ஆங்கிலேயர்கள் 1676இல் அதைத் தூர்த்தார்கள். பேர்ல் ஸ்ட்ரீட் அன்று கடற்கரை. இன்று அங்கிருந்து தண்ணீரைத் தொட நடக்க வேண்டும். நகர சபைக் கட்டடம் நின்ற இடத்தைக் காட்ட நடைபாதையில் வேறு நிறச் செங்கல் பதித்திருக்கிறார்கள். கவனிக்காமல் மிதித்துச் செல்பவர்களே அதிகம்.

அச்சகம் இல்லாவிட்டாலும் ஊருக்கு வாய் இருந்தது. 1664இல் நான்கு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றன. சரணடைந்தால் சொத்துக்கும் உரிமைக்கும் பங்கமில்லை என்று கடிதம் வந்தது. மக்கள் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்டைவெசன்ட் அதைக் கிழித்தெறிந்தார். விஷயம் கசிந்தது. கடிதத்தைக் காட்டு என்று ஊரே திரண்டது. கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் படித்தார்கள். சண்டை வேண்டாம் என்று 93 பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் கவர்னரின் சொந்த மகன்.

ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஊர் கைமாறியது. மாதம், செப்டம்பர்.

படத்தில் கவர்னரை மடக்க ஒரு கதாநாயகன் தேவைப்பட்டான். நிஜத்தில் ஊர்க்காரர்களே போதுமாக இருந்தார்கள். தோற்ற கவர்னர் பிற்பாடு அதே ஊருக்கு வெளியே தன் பண்ணையில் வாழ்ந்து 1672இல் இறந்தார். அந்த இடத்தில் உள்ள செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. பண்ணையைக் குறிக்கும் டச்சுச் சொல்தான் பவரி என்ற தெருப் பெயராக நிலைத்துவிட்டது.