பழைய சைக்கிள்களின் கோடைக்காலம்

மார்ச் 21, 2020, சனி. சிகாகோ

கொரோனாவால் இன்று மாலை ஐந்து மணியிலிருந்து இலினாய் மாநிலம் முழுக்க வீடடங்கு. எந்தெந்தத் தொழில்கள் நடக்கலாம் என்று ஆளுநர் பிரிட்ஸ்கரின் ஆணையில் இருந்த பட்டியலை எங்கள் சைக்கிள் கடை முதலாளி சத்தமாகப் படித்தார். மளிகை, மருந்து, பெட்ரோல் பங்க், கார் பழுதுபார்ப்பு. அதே வரியில் சைக்கிள் கடைகளும் இருந்தன, போக்குவரத்துக்குத் தேவையானவை என்ற தலைப்பின் கீழ். விளையாட்டுச் சாமான்களோடு சேர்க்காமல் சைக்கிளை வாகனமாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

கடை வாசலின் குறுக்கே மேசை போட்டாயிற்று. இனி யாரும் உள்ளே வர வேண்டாம். வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் போனால், நாங்கள் துடைத்து உள்ளே எடுத்துக்கொள்வோம்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று மேயர் லைட்ஃபுட் ஏரிக்கரைப் பாதையை மூடிவிட்டார். இரண்டு நாள் வெயில் அடித்ததும் அங்கே கூட்டம் சேர்ந்ததுதான் காரணம். மிஷிகன் ஏரியை ஒட்டி 29 கிலோமீட்டர், கார்களின் தொந்தரவு இல்லாமல் மிதிக்கக் கிடைத்த நீளமான பாதை அது. எங்கள் பக்கத்தில் பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட புளூமிங்டேல் பாதையையும் பூட்டிவிட்டார்கள். காலியாகக் கிடக்கும் கார் சாலைகளில் ஒன்றிரண்டையாவது மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கலாம். கூட்டம் கூடாது என்றால் இடத்தை அதிகமாக்க வேண்டும். குறைத்தால் இருக்கிற இடத்தில்தானே நெருக்குவார்கள்?

ஏப்ரல் 18, சனி

வாசலில் வரிசை மில்வாக்கி அவென்யூவின் திருப்பம் வரை போகிறது. வருகிறவர்களில் பாதிப் பேரை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. கராஜின் மூலையில், அடித்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே பல வருடம் கிடந்த வண்டிகளை இழுத்து வருகிறார்கள். டயர் வெடித்து, செயின் துருவேறி, பிரேக் கட்டைகள் கல்லாய் இறுகி, சிலந்திக்கூட்டோடு.

இவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்காக வருகிறவர்கள் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், சமையலறையில் பாத்திரம் கழுவும் இரண்டு பையன்கள், கிடங்கில் இரவு வேலைக்குப் போகும் ஒருவர். ரயிலில் ஏறப் பயம். பேருந்திலோ 15 பேர் ஏறிவிட்டால் ஓட்டுநர் அடுத்த நிறுத்தத்தில் நிற்காமல் போகலாம் என்று விதி வந்திருக்கிறது. விடியற்காலைப் பேருந்து நிற்காமல் போனால் இவர்களுக்கு அன்றைய சம்பளம் போயிற்று.

முதலாளி இன்று சிவப்புச் சீட்டு ஒன்றை அறிமுகப்படுத்தினார். வேலைக்குப் போக வேறு வழியில்லாதவருடைய வண்டியில் அதைக் கட்டிவிட வேண்டும்; அந்த வண்டி அன்று மாலையே திரும்பிவிட வேண்டும். மற்றவர்கள் மூன்று வாரம் காத்திருக்கலாம். பல ஆண்டுகளாக இங்கே ஆயிரக்கணக்கில் செலவழித்த ஒரு வாடிக்கையாளர், கார்பன் ஃபைபர் பந்தய சைக்கிள் வைத்திருப்பவர், வாசலிலேயே கோபப்பட்டுப் போனார். போகட்டும். நான் இந்தக் கடையில் வேலை செய்வதற்கு இதுபோன்ற முடிவுகள்தான் காரணம்.

மே 9, சனி

ஆயிரம் டாலருக்குக் குறைந்த புது சைக்கிள் ஒன்றுகூடக் கடையில் இல்லை. மொத்த வியாபாரிகளின் கணினியில் எந்த மாடலைத் தட்டினாலும் கையிருப்பு சுழி. அரசு அனுப்பிய 1,200 டாலர் உதவித்தொகையை வைத்துக்கொண்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புகிறோம்.

தட்டுப்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. சீனாவிலிருந்து வரும் சைக்கிள்களுக்குப் போன வருடம் 25 சதவீதம் கூடுதல் வரி ஏறியதிலிருந்தே இறக்குமதியாளர்கள் சரக்கைக் குறைத்துவிட்டார்கள். பிப்ரவரியில் சீன ஆலைகள் மூடிக் கிடந்தன. மார்ச்சில், இனி யார் சைக்கிள் வாங்கப்போகிறார்கள் என்று பயந்து நிறுவனங்கள் இருந்த ஆர்டர்களையும் ரத்து செய்தன. கியர், பிரேக், செயின் என்று எதை எடுத்தாலும் ஷிமானோவைத்தான் பாதி உலகம் நம்பியிருக்கிறது. அவர்களுடைய மலேசிய ஆலையும் ஊரடங்கில் சிக்கியது. அதே சமயம் இங்கே எல்லோரும் ஒன்றாக வாசலில் வந்து நின்றார்கள்.

மே 16, சனி

நாள் முழுக்க மனநிறைவான வேலை. ஸ்டாண்டில் அடுத்தடுத்து ஏறியவை எல்லாம் 1970-களின் பத்து கியர் வண்டிகள்.

முதலாவது ஷ்வின் வார்சிட்டி. இதே நகரத்தின் மேற்குப் பகுதியில், ஷ்வின் ஆலையில் செய்தது. பதினெட்டு கிலோ எடை. தூக்கி ஸ்டாண்டில் மாட்டும்போதே தோள் சொல்லிவிடும். கிராங்க் முழுக்க ஒரே இரும்புத் துண்டு, இந்தப் பெடலிலிருந்து அந்தப் பெடல் வரை. இடது பக்க நட்டு இடமுறுக்கு; அது தெரிந்துவிட்டால் ஒரு பெரிய ஸ்பானரும் ஒரு திருப்புளியும் போதும். திறந்தேன். உள்ளே கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருந்தது, பால்ஸில் ஒரு பள்ளம்கூட இல்லை. கழுவி, புது கிரீஸ் வைத்து மூடினேன். இன்னொரு ஐம்பது வருடத்துக்கு அது சுற்றும்.

அடுத்தது பிரெஞ்சு வண்டி, பியூஜோ யுஓ-8. வார்சிட்டியைவிட இலேசான, அழகான சட்டம், ஆனால் எதுவும் எதோடும் பொருந்தாது. கிராங்க் கிண்ணத்தின் மரை 35 மில்லிமீட்டர், இரு பக்கமும் வலமுறுக்கு. ஆங்கில அளவு வண்டி என்று நினைத்து வலப்பக்கக் கிண்ணத்தைத் திருப்பினால், கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்போம். சிம்ப்ளெக்ஸ் கியர் டெல்ரின் பிளாஸ்டிக்கால் ஆனது, எதிர்பார்த்தபடியே விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பதிலாக, பெட்டியின் அடியில் கிடந்த பழைய ஜப்பானிய சன்டூர் கியரைப் போட்டேன். அது இன்றும் கத்திபோல் மாறுகிறது. கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின். கடையில் இருக்கும் இளைஞர்கள் யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. நான் ஊரில் தெருமுனைக் கடையிலேயே பார்த்து வளர்ந்தவன் என்பதால், அடியில் முட்டுக் கொடுத்து ஒரே அடியில் இறக்கும் முறையை அவர்களுக்குக் காட்டினேன்.

பழைய வண்டிகளில் டயர்தான் தலைவலி. அந்தக் காலத்து 27 அங்குல ரிம்மின் விட்டம் 630 மில்லிமீட்டர்; இன்றைய 700சி ரிம்முக்கு 622. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் இந்த டயர் அந்த ரிம்மில் ஏறாது. 27 அங்குல டயர் எங்கே கிடைத்தாலும் வாங்கிக் குவிக்கிறோம்.

மாலையில் வந்தது ஒரு பெரிய அங்காடிச் சங்கிலியில் வாங்கிய வண்டி. இரண்டே வயது. பற்சக்கரத்தை ஆணியடித்து ஒட்டியிருக்கிறார்கள், தேய்ந்தால் மாற்ற முடியாது. பின்சக்கரத்தைப் பெண்டு எடுக்கப் போனால் போக்ஸ் கம்பிகளின் நிப்பிள் ஒவ்வொன்றாக நொறுங்குகிறது. பழுதுக் கூலி வண்டி விலையைத் தாண்டும். அதன் சொந்தக்காரர் பாத்திரம் கழுவும் அந்தப் பையன்களில் ஒருவர். குறைந்த விலைக்கு விற்றவர்கள் அவரிடம் அதிகம் பிடுங்கிவிட்டார்கள். கழற்ற முடியாதபடி ஒரு சைக்கிளைச் செய்வது ஏழையின் பணத்தைத் திருடுவதுதான். எனக்கு இதைவிட மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை. யாரோ விட்டுப்போன வார்சிட்டி ஒன்றைச் சரிசெய்து அவரிடம் கொடுத்தோம்.

மே 31, ஞாயிறு

ஜார்ஜ் ஃபிலாய்டின் கொலையைக் கண்டித்து நேற்று நகர மையத்தில் பெரும் ஊர்வலம். இரவு ஆற்றுப் பாலங்களைத் தூக்கிவிட்டார்கள், மையப் பகுதிக்கு ரயிலும் பேருந்தும் நின்றன, ஒன்பது மணியிலிருந்து ஊரடங்கு. வேலை முடிந்து ஊரடங்கு நேரத்தில் வீடு திரும்ப வேண்டியிருந்தவர்களில் எத்தனை பேர் நாங்கள் சிவப்புச் சீட்டு கட்டிய வண்டிகளில் போனார்களோ. ஞாயிறு விடுமுறை என்றாலும் முதலாளி கதவைத் திறந்து வைத்தார். பஞ்சர் ஒட்டக் காசு வாங்கவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

ஏரிக்கரைப் பாதை நேற்றுத் திறந்தது. ஏப்ரலில் பெரியவர்களுக்கான சாதாரண சைக்கிள்களின் விற்பனை மும்மடங்காம், மொத்த விற்பனை இருமடங்காம்; என்பிடி என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்கைச் செய்திகளில் சொல்கிறார்கள். கராஜிலிருந்து வந்த வண்டிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அக்டோபர் 9, வெள்ளி

விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் வந்தார். அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் இப்போதே ஆர்டர் போட்டால்தான் சரக்கு கிடைக்குமாம். இந்த ஆண்டைப் போல் இரண்டு மடங்கு போடச் சொல்கிறார். மற்ற கடைகள் போட்டுவிட்டன என்றார்.

முதலாளி மறுத்துவிட்டார். போனை வைத்ததும் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். 1972-இல் பள்ளி முடிந்ததும் ஒரு ஷ்வின் கடைக்கு ஓடிப்போய்ப் பெட்டியில் வந்த வண்டிகளைப் பூட்டிக்கொடுத்த பையன் அவர். 1970-இல் அமெரிக்காவில் சுமார் 70 லட்சம் சைக்கிள்கள் விற்றன. 1973-இல் 1 கோடியே 52 லட்சம். அந்த அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், இனி இறங்கவே இறங்காது என்று எல்லோரும் எழுதிவைத்துக்கொண்டார்கள். 1975-இல் 73 லட்சம்தான். அவர் வேலை பார்த்த கடையின் பின்னறையில் பிரிக்காத பெட்டிகள் கூரைவரை நின்றன, கடையே போயிற்று. அதற்கும் முன்னால், 1890-களின் மோகம் உச்சத்தில் இருந்த 1895-இல்தான் இக்னாஸ் ஷ்வின் இந்த ஊரில் தொழில் தொடங்கினார். ஐந்தே வருடத்தில் சுற்றியிருந்த ஆலைகள் வரிசையாக மூடின.

"எழுபதுகளின் அந்த அலையில் எது நிலைத்தது?" என்று கேட்டேன். ஓரிகன் மாநிலம் 1971-இல் போட்ட சட்டத்தைச் சொன்னார்: நெடுஞ்சாலைப் பணத்தில் குறைந்தது ஒரு சதவீதம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும். அது இன்றும் நடக்கிறது. பிறகு ஸ்டாண்டில் இருந்த வண்டியைக் காட்டினார். எழுபதுகளில் விற்ற வண்டிகள் ஐம்பது வருடம் கழித்து வேலைக்கு வந்தது அவற்றைக் கழற்றிப் பூட்ட முடிந்ததால்தான்.

புது சைக்கிளுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் இன்று நாங்கள் போட்ட ஆர்டர்: 27 அங்குல டயரும் டியூபும், ஐந்து பல்சக்கர ஃப்ரீவீல், மூன்று அளவில் காட்டர் பின், பிரேக் கட்டை, பெட்டி பெட்டியாகப் பால்ஸ், பிரெஞ்சு மரைக்கு ஒரு முழுக் கருவித் தொகுப்பு. குளிர்காலத்தில் வழக்கமாக ஆட்களைக் குறைப்பார்கள்; இந்த முறை யாரையும் நிறுத்தப்போவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பையன் திங்கட்கிழமை முதல் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறான்.