சுபுஹுக்கு முன் தட்டப்பட்ட கதவு

ஏழைக் குமர் ஒன்றின் திருமணத்திற்கு உதவி தேவை என்று ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு துண்டுச் சீட்டை வாசித்தால் போதும். எங்கள் பாலாற்றங்கரை ஊர்களில் விரித்த துண்டு வெறுமையாகத் திரும்பியதே இல்லை. தோல் தொழிற்சாலை முதலாளியும் போடுவார். அவருடைய தொழிற்சாலையில் ஈரத்தோலைச் சுமக்கும் கூலியாளும் போடுவார். அல்லாஹ் இந்தச் சமுதாயத்திற்கு அந்த ஈரத்தை அளித்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

அதே குமர், மணமாகி ஐந்தாண்டுகள் கழித்து, உதடு கிழிந்து, கையில் ஒரு பிள்ளையுடன் தாய்வீடு திரும்பினால் அவளுக்காகத் துண்டு விரித்ததை விரிஞ்சிபுரத்தில் நான் கண்டதில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலும் கேள்விப்பட்டதில்லை. இதை எழுதும் நானும் விரித்தவன் அல்லன். அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். சுபுஹு பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. கதவு தட்டப்படும் ஓசை கேட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். புர்கா அணிந்த ஒரு பெண், ஒரு ரெக்ஸின் பை, தூக்கக் கலக்கத்தோடு ஒரு சிறுவன். பெண் எங்கள் மஹல்லாவின் மகள். நிக்காஹ் தஃப்தரில் அவள் பெயரையும் மஹர்த் தொகையையும் எழுதியவன் நானே. வாக்கப்பட்ட ஊரிலிருந்து, ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றப் புறப்பட்ட ஒரு வேனில் கெஞ்சி ஏறி வந்திருக்கிறாள். தாய் தந்தை இருவரும் மௌத்தாகிவிட்டதால் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை.

முகத்தைக் காட்டினாள். நான் அதை இங்கே வருணிக்கப் போவதில்லை.

“சபூர் செய்யம்மா. தொழுதுவிட்டு வந்து முத்தவல்லியிடம் பேசுகிறேன்” என்றேன். பேசவும் செய்தேன். கணவனை அழைத்தோம், அவன் பள்ளிவாசல் திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்தான், இனிமேல் கைநீட்டுவதில்லை என்று வாக்களித்தான். சமாதானப் பாத்திஹா ஓதி, தேநீர் குடித்து, அன்று மாலையே அவளை அவனோடு அனுப்பிவைத்தோம். ஒரு குடும்பத்தைப் பிரியாமல் காத்துவிட்டோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து வலக்கை மணிக்கட்டு முறிந்து மருத்துவமனையில் கிடந்தாள். என் மனைவியோடு பார்க்கப் போனேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: “அன்னைக்கு என்கிட்ட பஸ்ஸுக்குக் காசு இல்லை ஹஜ்ரத். இருந்திருந்தா பெங்களூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருப்பேன். உங்க கதவைத் தட்டியிருக்க மாட்டேன்.”

அவள் என்னிடம் தீர்ப்புக் கேட்டு வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டு பேருக்கான பஸ் கட்டணம். நான் அதைக் கேட்கவும் இல்லை. அவள் சொல்ல இடம் கொடுக்கவும் இல்லை.

மூத்த மாணவர்களுக்குக் குல்உ பாடம் நடத்தும்போது ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். முவத்தாவிலும் அபூதாவூதிலும் வருகிற ஹதீஸ் அது. பெருமானார் (ஸல்) அவர்கள் சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படுகிறார்கள். விடியாத இருட்டில் வாசலில் ஒரு பெண் நிற்கிறார். யாரென்று வினவுகிறார்கள். அவர் தம் பெயரைச் சொல்லி, தமக்கும் கணவர் தாபித் பின் கைஸ் (ரலி) அவர்களுக்கும் இனி ஒத்துவராது என்கிறார். அவர் அடிபட்டு, உடலில் முறிவு ஏற்பட்டிருந்தது என்று அபூதாவூதின் ஓர் அறிவிப்புக் கூறுகிறது. கணவரோ சாமானியர் அல்லர். அண்ணலாரின் சபையில் பேச்சாளராக விளங்கிய நபித்தோழர். அப்படியிருந்தும் அண்ணலார் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்து, மஹராகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி பணித்தார்கள். ஹபீபா (ரலி) தம் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த ஹதீஸில் மஹரைத் திருப்புவது பற்றிய சட்டத்தைத்தான் நான் இத்தனை காலமும் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். வாசலையும் இருட்டையும் காட்டியதில்லை. என் வாசலிலும் அதே இருட்டில் ஒருத்தி வந்து நின்றபோது, ஓதியது நினைவுக்கு வரவில்லை.

அந்த மருத்துவமனை நாளுக்குப் பிறகு ஜமாஅத் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன்: அடிபட்டு வரும் பெண்களுக்கென்று ஒரு தனி நிதி. கூட்டம் சிறிது நேரம் மௌனமாக இருந்தது. பிறகு ஆட்சேபணைகள் ஒவ்வொன்றாக வந்தன. குடும்ப விஷயத்தில் பணத்தைக் கொடுத்தால், கோபித்துக்கொண்டு வரும் பெண்களையெல்லாம் ஊக்குவிப்பதாகிவிடாதா என்றார் ஒருவர். அந்நிஸா அத்தியாயத்தின் 34-ஆம் வசனத்தை நினைவூட்டினார் இன்னொருவர். அண்ணலார் தம் வாழ்நாளில் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிப்பதையும், அடிக்கக் கூடாது, கோபித்துக் கொள்ளட்டும் என்று தாபிஉகளில் பெரியவரான அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) கருத்துரைத்திருப்பதையும் எடுத்துச் சொன்னேன். முறிந்த மணிக்கட்டை எந்த விரிவுரையும் அனுமதிக்கவில்லை என்றதும் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

முத்தவல்லியின் கவலை வேறு. மதரஸாவுக்கே பணம் இல்லையே என்றார். உண்மைதான். ஒரு காலத்தில் ஹஜ்ஜுப் பெருநாளில் சேரும் குர்பானித் தோல்களை விற்ற தொகை மதரஸாக்களுக்குப் பெரிய பலமாக இருந்தது. இன்றோ ஆட்டுத்தோலை ஏற்றிச்செல்லும் வண்டி வாடகைக்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. தோலுக்குப் பெயர்போன சீமையிலேயே இந்த நிலை.

ஜகாத்தில் ஒரு பங்கு ஒதுக்கலாமே என்றேன். உடனே கேட்டார்கள்: “அவள் கணவன் வசதியானவன், அவள் பெயரில் இருபது பவுன் நகை இருக்கிறது, அவள் எப்படி ஏழையாவாள்?” நியாயமான கேள்வி. பதில் சொன்னவர் எங்கள் பள்ளியின் மூத்த இமாம். கணவனின் செல்வம் மனைவியின் செல்வம் ஆகிவிடாது. அவரவர் பொருள் அவரவருக்கே என்றார். நகை மாமியாரின் பீரோவில் பூட்டிக் கிடக்கும்போது உரிமை அவளுடையதாயினும் பொருள் அவள் கைக்கு எட்டாதது. ஊரில் சொத்திருந்தும் வழியில் கையறுந்து நிற்கும் பிரயாணிக்கு ஜகாத் கொடுக்கலாம் என்றால் இவளுக்கும் கொடுக்கலாம் என்றார். ஒரு நிபந்தனையும் விதித்தார்: ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத்தை அவள் கையில் கொடுத்து அவளுக்கே உடைமையாக்க வேண்டும், அதில் கட்டடம் கட்டக் கூடாது, பஞ்சாயத்துச் செலவுக்கு எடுக்கக் கூடாது. அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பணம் அவள் கைக்குப் போனால், பெங்களூருக்குப் போவதா, உள்ளூரில் அறை எடுப்பதா என்று முடிவு செய்பவள் அவளாகிவிடுகிறாள்.

நாம் தயங்கி நிற்கும் இந்தக் காரியத்தைக் கனடாவில் வாழும் முஸ்லிம்கள் செய்து வருகிறார்கள். அங்கே நேஷனல் ஜகாத் பவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் ‘நிஸா ஹோம்ஸ்’ என்ற பெயரில் புகலில்லங்கள் நடக்கின்றன; வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த பெண்களும் பிள்ளைகளும் அங்கே தங்கிக்கொள்ளலாம். நம் தமிழகத்திலும் குரல் எழாமல் இல்லை. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் ‘ஸ்டெப்ஸ்’ அமைப்பின் வழியாகவும், 2000-களின் தொடக்கத்தில் உருவான முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தின் வழியாகவும் இப்படிப்பட்ட பெண்களின் முறையீடுகளைக் கேட்டு வந்தார். பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் என்ற அவருடைய யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் வழக்கை, அவள் உள்ளே வர இயலாத சபையில், ஆண்கள் மட்டும் அமர்ந்து எப்படித் தீர்க்கிறீர்கள் என்று அவர் கேட்ட கேள்விக்கு, திண்ணையில் தேநீர் குடித்த என்னிடம் பதில் இல்லை. அன்று அவள் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜகாத் ரமலானில்தான் வரும். மற்ற மாதங்களுக்கு என்ன செய்வது? வழி கண்டவர்கள் பெண்கள். பிடியரிசி எடுப்போம் என்றார் என் மனைவி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நம் பாட்டிமார்களின் வழக்கம். மதரஸாப் பிள்ளைகள் பலர் அந்த அரிசியில் வளர்ந்தவர்கள். ரேஷன் அரிசியை விற்கக் கூடாது என்பதால், ரேஷன் வாங்கும் வீடுகள் அரிசிக்குப் பதில் சில்லறை போடுவது என்று முடிவாயிற்று. ஷூவின் மேற்பாகத்தை வீட்டிலிருந்து கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள், ஜோடிக்குச் சில ரூபாய்க் கூலியில், வாரம் ஒரு ஜோடியின் கூலியைப் போட முன்வந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆண்களின் கூட்டம் இரண்டு மணி நேரம் வாதாடியது ஒதுக்குவதா வேண்டாமா என்பதைப் பற்றித்தான்.

பி.ஏ. வரலாறு படித்தவன் என்பதால் சட்டப் புத்தகங்களைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டத்தில், தலாக்கான பெண்ணைத் தாங்க உறவினருக்கும் வழியில்லை என்றால் வக்ஃபு வாரியம் ஜீவனாம்சம் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிட இடமிருக்கிறது. ஆனால் அது தலாக்கானவளுக்கு. அடிபட்டும் தலாக் ஆகாமல், வாழவும் முடியாமல் நிற்பவளுக்கு? அத்தகைய நிலையில் ஒரு மனைவியைத் தொங்கலில் விட்டுவிடக் கூடாது என்று அந்நிஸா 129-ஆம் வசனம் எச்சரிக்கிறது. நம் நிதிகளோ விதவையையும் தலாக்கானவளையும் தேடுகின்றன. தொங்கலில் நிற்பவள் அவற்றின் கண்ணில் படுவதில்லை.

அவளுக்கு உதவக்கூடியது 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம். எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே தங்கும் உரிமை, பாதுகாப்பு ஆணை, செலவுத் தொகை ஆகியவற்றை நீதிபதியிடம் கேட்கலாம். தலாக் கேட்க வேண்டிய அவசியமில்லை. மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்கு எந்நேரமும் தொலைபேசலாம். வழக்கறிஞர் செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஆகவே எங்கள் நிதி வக்கீலுக்குப் போக வேண்டியதில்லை. போகவேண்டியது வண்டிக்கும், அறை முன்பணத்திற்கும், பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும், முதல் மாத அரிசிக்கும்.

மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தைப் பற்றியும் நம்மில் பலருக்குத் தெரியவில்லை. கைவிடப்பட்ட, ஆதரவற்ற முஸ்லிம் பெண்களுக்காகவே ஏற்பட்ட சங்கம். நாம் நன்கொடை திரட்டிக் கொடுத்தால் அதற்கேற்ப அரசும் இணை மானியம் தருகிறது. நாம் திரட்டாவிட்டால் அந்தப் பங்கும் வராது. திருமண மண்டப அலங்காரத்திற்குச் செலவிடும் செல்வந்தர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கட்டு முறிந்த அந்தச் சகோதரி இப்போது தனி அறை எடுத்து மகனோடு இருக்கிறார். கை முழுதாகச் சரியாகவில்லை. கைத்தையல் முடியாது என்பதால் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் உதவிக்குப் போகிறார். வழக்கு நடக்கிறது. நகை இன்னும் வரவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க ஹஜ்ரத்” என்றார். விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

நிதியில் எங்களுக்குள் நெடுநாள் தீராமல் இருந்தது கணக்குப் புத்தகச் சிக்கல். வாங்கியவர் பெயரை எழுதாமல் கணக்கு எப்படிச் செல்லும் என்று பொருளாளர் பிடிவாதமாக இருந்தார்; பெயரெழுதினால் ஒருத்தியும் வரமாட்டாள் என்றார் என் மனைவி. கடைசியில் பெயருக்குப் பதிலாக எண் போடுவது என்றும், அந்த எண்ணுக்குரியவர் யாரென்பது இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரிந்திருப்பது என்றும் ஒப்புக்கொண்டோம். சென்ற மாதம் ஏழாம் எண்ணுக்கு எதிரே, இரவு ஆட்டோவுக்கென்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது. பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்.