மர அணிலும் எயார் ரைபிளும்

இரத்தினபுரிப் பக்கம் லயத்தடியில் நாலு தென்னை வைத்திருப்பவருக்கு மர அணில் செய்யும் நாசம் தெரியும். குரும்பையிலேயே ஓட்டை போட்டுக் குடைந்துவிடும். அடியில் வெறும் கோதுதான் கிடக்கும். அந்த வயிற்றெரிச்சல் நியாயமானது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, நாடு முழுக்க 5 நிமிடம், பயிரை நாசமாக்கும் குரங்கு, மயிலோடு இந்த அணிலையும் அரசாங்கம் எண்ண வைத்தது.

ஆனாலும் எயார் ரைபிளைத் தூக்காதீங்க தம்பிமாரே. ஈயக்குண்டு பட்ட அணில் பல நேரம் உடனே சாகாது. புண்ணோடு பொந்துக்குள் கிடந்து சாகும். குறி தப்பினால் அடுத்த காம்பராப் பிள்ளையின் கண்ணைப் பதம் பார்க்கும். லயத்தில் வாசலுக்கு வாசல் எத்தனை அடி சொல்லுங்க? நீங்கள் சுட நினைக்கும் இதே அணிலுக்காகத்தான் தமிழ்நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில், 1988இல் சரணாலயமே அமைத்தார்கள்.

சுடுவதற்குப் பதில், அணில் ஏறாதபடி தென்னையில் தகரம் சுற்றுங்க. பக்கத்துப் பலாக் கொப்பு ஓலையோடு முட்டினால் தகரம் வீண், தாவி வந்துவிடும். முதலில் அந்தக் கொப்பைக் கழிச்சு விடுங்க.