லேபிளைக் கிழிக்காதீர்கள்

கிராமத்தில் ‘மருந்து’ என்றால் இரண்டு அர்த்தம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, கத்தரிக்கு அடிப்பதும் மருந்து. ‘மருந்து குடித்துவிட்டார்’ என்று அலறிக்கொண்டு ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தால், அது எந்த மருந்து என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன மருந்து?’ என்பதுதான். ‘பயிருக்கு அடிக்கிறதுங்க’ என்பதைத் தாண்டிப் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

கிளியனூர், மரக்காணம் வட்டாரத்தில் நெல், மணிலா, தர்பூசணி, சவுக்கு என்று பல வெள்ளாமை உண்டு. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, எலி மருந்து என்று ஒரே அலமாரியில் நான்கைந்து வகை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கால் லிட்டர் கடன் வாங்கிக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் உண்டு. அவசரம் என்று வரும்போது அந்தப் புட்டிக்குப் பெயர் கிடையாது.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்கள் ஒரு பக்கக் குறிப்புகளைச் சுவரிலோ மேசைக் கண்ணாடிக்கு அடியிலோ வைத்திருப்பார்கள். இன்ன நஞ்சுக்கு இன்ன அறிகுறி, இன்ன மாற்று மருந்து, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். புத்தகம் புரட்ட நேரமில்லாத இடத்தில் அதுதான் கைவிளக்கு. ஆனால் நஞ்சின் பெயர் தெரிந்தால்தான் எந்த வரியைப் பார்ப்பது என்பது தெரியும்.

குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் போன்றவை ஆர்கனோ பாஸ்பரஸ் வகை. இவை உடம்பில் ஏறினால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் எச்சில் ஊறும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சில் சளி கொப்பளிக்கும். இதற்கு அட்ரோபின் ஊசி. அதை ஒருமுறை போட்டுவிட்டு உட்கார முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து குறிகளைப் பார்ப்பார்கள்: நெஞ்சுச் சத்தம் தெளிந்ததா, நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டியதா, ரத்த அழுத்தம் 80-க்கு மேல் வந்ததா, அக்குள் உலர்ந்ததா, கண்மணி விரிந்ததா? முன்னேற்றம் இல்லையென்றால் மருந்தின் அளவு இரட்டிப்பாகும். இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் இந்த நஞ்சை ஆராய்ந்த மருத்துவர்கள் வலியுறுத்திய முறை இது.

பாராகுவாட் களைக்கொல்லி என்றால் கதை வேறு. மூச்சு வாங்குகிறவருக்கு ஆக்சிஜன் வைப்பதுதான் வழக்கம். ஆனால் பாராகுவாட் உள்ளே போனவருக்குத் தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் சேதம் கூடும். ஒருவரைக் காப்பாற்றுவது இன்னொருவருக்குக் கெடுதலாகிறது. புட்டியின் லேபிள் இல்லாமல் இதை எப்படிப் பிரித்தறிவது?

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. சாராயம் என்று குடித்தது மெத்தனால். எது உள்ளே போனது என்பது வெளியே தெரியாத நஞ்சு எவ்வளவு கொடியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பூச்சிமருந்தைப் பொறுத்தவரை அந்த இருட்டு நமக்குத் தேவையே இல்லை. பெயர் புட்டியிலேயே அச்சாகி இருக்கிறது.

1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ம் ஆண்டின் விதிகளும் இதற்காகத்தான் லேபிளையும் உள்ளே ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கட்டாயமாக்கின. நஞ்சின் அறிகுறி, முதலுதவி, மாற்று மருந்து எல்லாம் அவற்றில் இருக்கும். லேபிளில் உள்ள முக்கோணம் நஞ்சின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை உண்டு. அது நோயாளியின் நிலைமையைக் குறிக்கும் நிறம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பச்சை முக்கோண மருந்துதானே என்று வீட்டில் தங்கிவிட்டவர் சிவப்புப் படுக்கைக்குப் போக நேரலாம்.

பாம்புக்கடிக்கும் இதே கணக்குதான். அங்கே நர்ஸ் வைத்திருக்கும் குறிப்பு இருபது நிமிடச் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லையே! ஆகவே பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கடித்த நேரத்தைச் சொன்னால் போதும். இறுக்கிக் கட்டுவதும் கீறிவிடுவதும் கூடவே கூடாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஒரு சுவர்க்குறிப்பு இருப்பதுபோல, நம் வீட்டுக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். அதில் எழுத வேண்டியவை:

1. ஆம்புலன்ஸ்: 108. நஞ்சு பற்றிய தகவலுக்கு, டில்லி எய்ம்ஸ் தேசிய நஞ்சுத் தகவல் மையம்: 1800 116 117.

2. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மருந்தின் வணிகப் பெயரும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள வேதிப் பெயரும். வாங்கிய அன்றே லேபிளைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

3. நேரம், அளவு, வீட்டில் என்ன கொடுத்தோம். இந்த மூன்றையும் ஒளிக்காமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். போலீஸ் கேஸாகுமோ என்று மறைத்தால் இழப்பு நமக்குத்தான்.

4. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து உடம்பில் பட்டிருந்தால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொள்ள வேண்டும்.

புட்டியைத் தேடுவதற்காக வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம். ஒருவர் நோயாளியோடு கிளம்பட்டும். வீட்டில் இருப்பவர் தேடிப் படம் எடுத்து அனுப்பட்டும். கிளியனூரிலிருந்து திண்டிவனம் போனாலும், புதுச்சேரி ஜிப்மர் போனாலும், படம் வண்டிக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, பூட்டு. மருந்து அலமாரிக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் அல்ல இந்தக் காவல். சண்டையிலோ கடன் கவலையிலோ வரும் அந்த ஒரு கெட்ட நேரம் பெரும்பாலும் கடந்துபோய்விடும். அது கடக்கும்வரை மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், ஓர் உயிர் தங்கும். மனம் விட்டுப் பேச ஆள் இல்லை என்று தோன்றினால் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறை கடையில் மருந்து வாங்கும்போது, சில்லறையாக ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடி உடையாத, லேபிள் கிழியாத புட்டியாகக் கேட்டு, ரசீதோடு வாங்குங்கள்.