யானைக்குத் தமிழ் மனசிலாகுமா?

மட்டாஞ்சேரிக்கு வந்து ஆறு வருஷமாச்சு. பாப்பாவிடம் தமிழில் கேட்டால் பதில் மலையாளத்தில்தான் வரும். யானை என்றால் அவளுக்கு நெற்றிப்பட்டம் கட்டி, செண்டைமேளத்துக்கு நடுவில் நிற்கிற யானைதான்.

போன ஞாயிறு ஆணி எதுவும் இல்லை. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' போட்டேன். கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த ஆவணப்படம். 2022-ல் வந்து 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. முதுமலை தெப்பக்காட்டில், தாயில்லாக் குட்டி ரகுவை பொம்மனும் பெள்ளியும் வளர்க்கிறார்கள். பெள்ளி ரகுவிடம் தமிழில் பேசப்பேச பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, யானைக்குத் தமிழ் மனசிலாகுமா?" (கேள்வியே பாதி மலையாளம் :-))

வளர்ந்த ரகுவை வனத்துறை வேறொருவரிடம் ஒப்படைக்கும் இடத்தில் தங்கமணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பாப்பா கேட்டாள். "ரகு பெள்ளியம்மாவைத் தேட மாட்டானா அப்பா?"

ஒரு மலையாள வார்த்தைகூடக் கலக்கவில்லை.