429 கோடியும் 91-ம்



நேற்று பேத்திக்குப் பகா எண்கள் சொல்லிக்கொடுத்தேன். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்கள். வகுப்பில் 2, 3, 5, 7 என்று கோரஸாகச் சொல்லவைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஒரு பெரிய எண் நினைவுக்கு வந்தது: 4294967297. நம் வழக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

2-ஐ 32 தடவை எழுதிப் பெருக்கி, விடையோடு 1 கூட்டினால் இது வரும். இதேபோல 2-ஐ 1, 2, 4, 8, 16 தடவை எழுதிப் பெருக்கி 1 கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537 என்று வரும். ஐந்துமே பகா எண்கள். அடுத்து வரும் இந்த எண்ணும், அதற்குப் பின் வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று பிரான்ஸ் நாட்டு ஃபெர்மா நம்பினார். 1640-ல் நண்பர்களுக்குக் கடிதமும் எழுதினார். ஆனால் நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

1732-ல் ஆய்லர் விடை சொன்னார்: 641 × 6700417. பகா எண் இல்லை, பகு எண்! இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று பின்னர் நிரூபித்தும் காட்டினார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577 நான்கும் வகுக்காது. ஐந்தாவதாக வருவது 641. இன்றுவரை ஆறாவது ஃபெர்மா பகா எண் யாருக்கும் அகப்படவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில், கரும்பலகையில் பகா எண்களின் வரிசையில் 91-ஐயும் எழுதிவிட்டேன். 2 போகாது, 3 போகாது, 5 போகாது; அதோடு நிறுத்திவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு" என்றான். "வாய்ப்பாடு ஒழுங்காத் தெரியாது, எனக்குச் சொல்ல வந்துட்டியா? உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று இரவு பெருக்கிப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் 91-ஐ விட்டுவிட்டு வரிசையை எழுதினேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடம் முழுவதும் அவன் கணக்குப் பாடத்தில் கை தூக்கவே இல்லை.

ஐந்து எண்கள் சரியாக வந்ததால் ஆறாவதை நம்பினார் ஃபெர்மா. மூன்று எண்கள் வகுக்காததால் 91-ஐ நம்பினேன் நான். தவறு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அவர் தன்னிடம் நிரூபணம் இல்லை என்று சொன்னார். நான் உட்காரு என்றேன்.

தம்பி, இதை நீ படித்தால், அன்று நீ சொன்னது சரி. டீச்சர்தான் தப்பு. மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு வரி எழுது.

மற்றவர்கள் ஒரு தாளில் 4294967297-ஐ 641-ஆல் வகுத்துப் பாருங்கள். கால்குலேட்டர் கூடாது!

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்